நான் கையால் மறைத்த காட்சி

போன மாதம் எங்கள் தியேட்டரில் புது டிஜிட்டல் புரொஜெக்டர் பெட்டியை இறக்கி வைத்தார்கள். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிவிட்ட ஆபரேட்டருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் இருந்தால் பகல் நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியைப் பொருத்த மதுரையிலிருந்து வந்த இரண்டு இன்ஜினீயர்களும் நல்ல பிள்ளைகள். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்கள். அதில் ஒருவர் கேட்டார்:

"அண்ணாச்சி, ஒரு சீன் வந்தா மட்டும் நீங்க லென்ஸுக்கு முன்னால கைய வச்சு மறைப்பீங்களாமே? கேன்டீன்காரர் சொன்னாரு. நெசமாவா?"

"நெசந்தான்" என்றேன்.

"இதுல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு" என்று காட்டினார். அழுத்தினால் திரை இருண்டுவிடுகிறது, சத்தம் மட்டும் ஓடுகிறது. நானும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன். என் இத்தனை வருஷத்துக் கையை ஒரு மிளகு அளவுக்குச் சுருக்கி வைத்துவிட்டார்கள். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. எதற்காகக் கை வைத்தீர்கள், யாருக்காக வைத்தீர்கள் என்று அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லி முடித்திருப்பேன். கேட்காததால் எழுத வேண்டியதாகிவிட்டது.

என் சொந்த ஊர் விருதுநகர். மிளகாய் வற்றல் மூட்டைகளின் நெடியில் தும்மிக்கொண்டே வளர்ந்தவன். பதினெட்டு வயதில் ரீல் சுற்றப் போனேன். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி எரிந்து குறைவதை இமைக்காமல் பார்க்கப் பழகினேன், ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கினேன், சிவகாசிப் பக்கம் இந்தத் தியேட்டருக்கு வந்து இங்கேயே தலை நரைத்தேன். இதில் விவரிக்க ஒன்றுமில்லை. விவரிக்க வேண்டியது மத்தியான ஆட்டத்தின்போது கேபினுக்குள் இருக்கிற அந்த இருட்டைத்தான். வெளியே கரிசல் மண் வெயிலில் வெடித்துக் கிடக்கும். உள்ளே இரண்டு புரொஜெக்டர்கள் முறை வைத்து உறுமிக்கொண்டிருக்கும். சுவரில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் கிளம்பிப் போய், எங்கோ தொலைவில் மனிதர்களாக மாறும். எத்தனை வருஷம் பார்த்தாலும் அது எனக்குப் பழகவே இல்லை. பாதி தூக்கத்திலும் பாதி விழிப்பிலும்தான் என் உத்தியோகம் கழிந்தது என்று சொன்னால் முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார், இப்போது.

தீபாவளிக்குப் புதுப்படம் எங்களுக்கு வராது. அதெல்லாம் பெரிய தியேட்டர்களுக்குப் போய்விடும். எங்களுக்குப் பழைய படம்தான். ஆனாலும் கூட்டம் குறையாது. மற்ற ஊர்களுக்குத் தீபாவளி ஒருநாள் கூத்து. இங்கே வருஷம் முழுக்க வெடி செய்தவர்களுக்குத் தீபாவளி முடிந்த பிறகுதான் மூச்சு விட நேரம். பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கிற அந்த நாட்களில் நாரணாபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பெண்கள் கூட்டம் கூட்டமாக மேட்னிக்கு வருவார்கள். வருஷமெல்லாம் குனிந்து திரி செருகியவர்களுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே சுகம். சிலருக்கு விரலில் மருந்துப் பொடியின் வெள்ளி நிறம் இன்னும் போயிருக்காது. கேபின் ஓட்டையிலிருந்து பார்த்தால், திரை வெளிச்சம் பட்டு இருட்டுக்குள் அங்கங்கே கைகள் மினுங்கும்.

அந்த நாட்களில் நாங்கள் போடுவது பெரும்பாலும் துப்பறியும் சிரிப்புப் படம். எல்லாம் கறுப்பு வெள்ளை. பெயர் சொல்லி யாரையும் வம்புக்கு இழுக்கப் போவதில்லை, எல்லாமே ஒரே மாவில் சுட்ட பணியாரம்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் உளவாளி. அவனுக்கு ஒரு பயந்தாங்கொள்ளி உதவியாள். பூமிக்கு அடியில் ஒரு ரகசிய அறை, அதன் சுவரெல்லாம் விளக்கு எரியும், எதற்கு எரிகிறது என்று அங்கே இருக்கிற எவனுக்கும் தெரியாது. சீனாக்காரப் பல் டாக்டர் ஒருவர், கண்ணை மையால் இழுத்து, தொங்கு மீசை ஒட்டியிருப்பார். சேட்டு தமிழைக் கடித்துத் துப்புவார். கூர்க்கா வாசலில் தூங்குவார். ரகசியத்தை விற்கிற நடனக்காரிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருக்கும், பாவம், அவளைக் கடைசி ரீலுக்குள் சுட்டுவிடுவார்கள்.

இதில் அசல் சீனாக்காரரும் கிடையாது, அசல் சேட்டும் கிடையாது. எல்லாம் மேக்கப். ஒரே ஒரு கூட்டம்தான் அசல். அது அடியாட்கள். கோடு போட்ட பனியன், வசனம் இல்லை, பெயர் இல்லை, அடி வாங்குவது மட்டும்தான் வேலை. நல்லவர்கள் முகமெல்லாம் பவுடரில் வெளுத்திருக்கும், அடியாட்கள் எங்கள் ஊர் நிறத்தில் இருப்பார்கள். நானும் அந்த நிறம்தான். சின்ன வயதில் உளவாளிக்குத்தான் கை தட்டினேன். கேபினுக்குள் வந்து ஒரே படத்தை நாற்பது தடவை பார்க்க நேர்ந்த பிறகு, உளவாளியை விட்டுவிட்டு அடியாட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர்களில் ஒருவன் கொட்டாவி விடுவான், ஒருவன் கேமராவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்புவான். இவன் எந்த ஊர்க்காரனோ, வீட்டில் சொல்லிவிட்டு வந்தானோ என்று யோசித்துக்கொண்டே கார்பனைத் தள்ளுவேன்.

அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் தவறாமல் ஒரு காட்சி உண்டு. உளவாளி அனுப்பிய பெட்டியை அடியாட்கள் திறப்பார்கள். டமார். புகை விலகினால் முகமெல்லாம் கரி, தலைமுடி குத்திட்டு நிற்கும், பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஊர் உலகமெல்லாம் அதற்கு வயிறு குலுங்கச் சிரித்தது. எங்கள் தியேட்டரிலும் ஒரு காலத்தில் சிரித்தார்கள்.

சிரிப்பு நின்ற மேட்னி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷம் ஓர் ஆலையில் விபத்து நடந்திருந்தது. எந்த ஆலை என்று சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. காட்சி வந்தது, வெடித்தது, கரி முகங்கள் தெரிந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். நடைபாதையில் இறங்கி, முந்தானையைக் கையில் பிடித்தபடி, நேராகத் திரையை நோக்கி நடந்தாள். அந்த முகங்களைத் துடைக்கப் போகிறவள் போலத்தான் நடந்தாள். திரைக்குப் பக்கத்தில் போனதும் அவள் முதுகிலேயே படம் விழுந்தது.

மேனேஜர் தர்மராஜ் சார்தான் போய் அவளை மெல்லக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாத மனிதர். கேபினுக்கு ஏறி வரவே மாட்டார். அவர் அறையில் ஒரு பொத்தான், என் தலைக்கு மேலே ஒரு மணி. ஒரு தரம் அடித்தால் படத்தை ஆரம்பி, இரண்டு தரம் அடித்தால் இடைவேளை. அதற்கு மேல் ஏதும் சொல்ல வேண்டுமென்றால் பழைய டிக்கெட்டின் முதுகில் எழுதி டார்ச் அடிக்கிறவரிடம் கொடுத்தனுப்புவார். 'சவுண்டு குறைவு. த.' 'படம் மங்கல். த.' திட்டுவதென்றாலும் அவ்வளவுதான், பாராட்டுவதென்றாலும் அவ்வளவுதான். 'இன்று நன்று. த.' என்று எழுதிய டிக்கெட் ஒன்று இன்னும் என் பையில் இருக்கிறது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் வாங்கிய ஒரே பட்டம் அது.

அன்றைக்கு வந்த டிக்கெட்டில், 'அந்தக் காட்சி இனி வேண்டாம். த.' என்று இருந்தது. நான் கீழே இறங்கிப் போனேன்.

"வெட்ட முடியாது சார். பிரிண்ட் நம்மளது இல்ல. வெட்டி ஒட்டுனா அந்த எடத்துல படம் துள்ளும். படப்பெட்டி அனுப்புற விநியோகஸ்தர் கண்டுபிடிச்சிருவாரு."

சார் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கை இருக்குல்ல சுப்பையா?" என்றார்.

அன்றிலிருந்து மணி மூன்று தரம் அடித்தால் கை என்று ஆனது. பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. அவசரமாக வைத்தால் முந்தின காட்சியின் வாலும் போய்விடும், ஜனம் விசில் அடிக்கும். வில்லன் "பெட்டியைத் திறங்கடா" என்பான். அந்த 'டா' காதில் விழும்போது வலது கை லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நிற்க வேண்டும். விரலிடுக்கில் வெளிச்சம் கசியக் கூடாது. இடது கை சவுண்டுத் திருகைப் பாதிக்குக் குறைக்க வேண்டும். வெடி தூரத்தில் எங்கோ இடி இடித்ததுபோலக் கேட்டு அடங்கும். உளவாளியின் கார் கிளம்புகிற சத்தம் வந்ததும் கையை எடுக்கலாம். உள்ளங்கையில் இளஞ்சூடாக இருக்கும். அதில் உருவம் எதுவும் தெரியாது, லென்ஸுக்கு அவ்வளவு பக்கத்தில் தெரியவும் தெரியாது. வெளிச்சமும் நிழலும் குழம்பி ரேகைகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சில விநாடிகள் எனக்குப் பிடித்துப் போயின. ஊருக்கே கண்ணை மூடிவிடுகிறோம் என்று ஒரு பெருமைகூட இருந்தது.

ஜனமும் பழகிக்கொண்டது. "கை வந்துருச்சுலே!" என்று முன் பெஞ்சில் கத்துவார்கள். வேறு வேறு துப்பறியும் படம் வந்தபோதும் அதே கைதான். பிறகு பிறகு மணி அடிக்கும் முன்பே கை தானாக எழுந்துவிடும். அப்படியே வருஷங்கள் ஓடிப் போயின.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். தீபாவளி முடிந்த வாரம், மேட்னி விட்டு நான் டீக்கு இறங்குகிறேன். கேபின் இரும்புப் படிக்கட்டின் கீழே ஓர் அம்மா நின்றிருந்தார். அறுபதை நெருங்கிய வயது, தேய்ந்த செருப்பு, கையில் ஒரு ஒயர்கூடை.

"நீங்கதான் கைய வைக்கிற ஆபரேட்டரா?"

"ஆமாம்மா."

"கையக் காட்டுங்க பாப்போம்."

காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இம்புட்டுக் கையி. அம்புட்டுப் பெரிய திரைய மறைச்சுப்புடுதே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மூணு வருசமா இந்தப் படத்தப் போடுதப்பல்லாம் வந்துட்டேன். பெட்டியத் தொறங்கடாங்கான். அதோட இருட்டிப் போவுது. ஏன் மறைக்கீக?"

"ஒங்களமாதிரி ஆளுகளுக்காகத்தாம்மா. மேனேஜர் உத்தரவு. வெடி ஆலையில பறிகொடுத்தவுக பாத்தா மனசு தாங்காதுன்னு…"

"எனக்காகவா?" என்றார் அந்த அம்மா. "என்னக் கேட்டீகளா?"

இருபது வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. படிக்கட்டின் கடைசிப் படியில் உட்காரச் சொன்னேன், கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். அங்கே உட்கார்ந்துதான் சொன்னார். பெயர் சீனியம்மாள், நாரணாபுரம். சரவெடி பின்னுகிற வேலை. அந்தப் படத்தில் பெட்டியைத் திறக்கிற நாலு அடியாட்களில் கடைசியில் நிற்பவர் அவருடைய வீட்டுக்காரர் மாடசாமி.

"கல்யாணத்துக்கு முந்தி. இருக்கன்குடி போற பாதையில பாழாக் கெடந்த பஞ்சாலையில படம் பிடிச்சாகளாம். நல்லாக் கறுத்த ஆளா நாலு பேரு வேணும்னு தேடி வந்துருக்காக. எங்க ஊர்ல தேடணுமா? அதுக்கு மேலயும் வெளக்கெண்ணெயில கரியக் கொழச்சுப் பூசி, நீ வேத்து நாட்டுக்காரன், பேசாம நில்லுன்னு நிக்க வச்சுட்டாகளாம். அந்தக் கேவலத்த நீ பாக்கக் கூடாதும்பாக என்கிட்ட. படத்துப் பேரக் கூடச் சொல்லல. அவுக கூட நின்ன இன்னொருத்தர் மூணு வருசத்துக்கு முன்ன ஒரு கல்யாணப் பந்தியில வச்சுச் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"இப்ப அவுக?"

"பதினெட்டு வருசம் ஆச்சு. காலைல தூக்குவாளியோட ஆலைக்குப் போனாக. பொழுதடையத் துணியில சுத்திக் குடுத்தாக. மொகத்தக் காட்டுங்கன்னு அழுதேன். காட்ட ஒண்ணுமில்ல தாயின்னுட்டாக."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையில் பிடித்திருந்தாரே தவிரக் குடிக்கவில்லை.

"கல்யாணப் போட்டோ ஒண்ணு இருந்துச்சு, மழையில கூர ஒழுகி ஊறிப் போச்சு. இப்ப கொஞ்ச நாளா எனக்கு அவுக மூஞ்சி மறந்துக்கிட்டே வருது ஐயா. கண்ண மூடுனா சட்டை தெரியுது, நடக்கிறது தெரியுது, மூஞ்சி வர மாட்டேங்குது. ஒரு தடவ பாத்துட்டா போதும்."

அந்தப் படத்தை எத்தனை ஆட்டம் ஓட்டியிருப்பேன்! ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த மனிதரின் முகம் என் உள்ளங்கையில் வந்து விழுந்திருக்கிறது. நான் சூடு நன்றாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேரே சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவருக்கும் அப்போது வயதாகிவிட்டிருந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்டத்துல கைய எடுக்க முடியாது சுப்பையா. இந்த வருஷம் பறிகொடுத்தவுக நேத்துக்கூட வந்திருந்தாக. நானே பாத்தேன்."

"அப்ப அந்த அம்மா, சார்?"

கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்து மாட்டினார். பிறகு, "நாளைக்குக் காலைல ரீல் செக் பண்ணுவீரா?" என்றார்.

"தேவையில்ல சார். மூணு நாளா ஓடுற பிரிண்ட்தான்."

"தேவையில்லாட்டியும் பண்ணும். ஒன்பது மணிக்கு. அந்த அம்மாவையும் வரச் சொல்லும்."

மறுநாள் காலை சீனியம்மாள் எண்ணெய் வைத்துத் தலை வாரி, மஞ்சள் சேலை கட்டி வந்திருந்தார். ஆளில்லாத தியேட்டரைப் பகலில் பார்த்தால் அது வேறு இடம். பக்கவாட்டுக் கதவின் இடுக்கு வழியாக வெயில் ஒரு கீற்றாக உள்ளே கிடந்தது, அதில் தூசி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே கம்பிகளில் குருவிகள் சத்தமிட்டன. அவ்வளவு நாற்காலிகளுக்கு நடுவே அந்த அம்மா எதில் உட்காருவது என்று தெரியாமல் சற்று நின்று, பிறகு நடு வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். நாலு வரிசை தள்ளி சார் உட்கார்ந்தார்.

நான் பதினோராவது ரீலை மாட்டினேன். கார்பன் பற்றிக்கொண்டது. வெளிச்சம் போனது. ரகசிய அறை, எரிகிற விளக்குகள், வில்லனின் மொட்டைத் தலை, பின்னால் கோடு போட்ட பனியனில் நாலு பேர். தூரத்தில் நிற்பதால் முகம் சரியாகத் தெரியவில்லை. வில்லன் திரும்பினான்.

"பெட்டியைத் திறங்கடா!"

திரை இருண்டது.

என்ன நடந்தது என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. வெடிச் சத்தமும் பாதியாகத்தான் கேட்டது. கீழே இருந்து குரல் வந்தது: "ஐயா! கையி! கைய எடுங்கய்யா!"

என் வலது கை லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால், விரலிடுக்கில் பொட்டு வெளிச்சம் கசியாமல், அழகாக நின்றுகொண்டிருந்தது. இடது கை சவுண்டுத் திருகில் இருந்தது. பதறி எடுத்தபோது உளவாளியின் கார் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குப்போல நான் என்றைக்கும் கூனிக் குறுகியதில்லை. யாருக்காக அந்த ரீலை மாட்டினேனோ அவருக்கே மறைத்துவிட்டேன். படத்தை நிறுத்தினேன். ரீலைக் கழற்றிக் கையால் பின்னுக்குச் சுற்ற வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும், பத்து நிமிஷ வேலை. அவசரத்தில் பிலிம் சிக்கி, பதினைந்து நிமிஷம் ஆனது. அந்த அம்மா வெறும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரும்புப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. தர்மராஜ் சார் மூச்சு வாங்க ஏறி வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் என் கேபினுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. திட்டுவார் என்று நின்றேன். சார் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டும்" என்றார்.

ஒற்றைக் கையால் ஓட்டினேன். சார் ஓர் ஓட்டை வழியாகவும் நான் இன்னோர் ஓட்டை வழியாகவும் பார்த்தோம். வில்லன் திரும்பினான். 'டா' காதில் விழுந்ததும் என் கை அவர் பிடிக்குள் துள்ளியது. சார் விடவில்லை.

இருபது வருஷமாக என் லென்ஸுக்குள் இருந்த அந்தக் காட்சியை அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தேன். நாலு பேரும் பெட்டியை நோக்கி வருகிறார்கள். கடைசி ஆள் ஒல்லி, கழுத்து நீளம், இருபது வயதுகூட இருக்காது. அவர்தான் மூடியைத் தூக்குகிறார். டமார். திரை முழுக்கப் புகை. புகை விலகுகிறது. நாலு கரி முகங்கள், குத்திட்ட முடிகள். மூன்று பேர் சொல்லிக் கொடுத்தபடியே கண்ணை உருட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிறார்கள். வெடியில் தரையில் உட்கார்ந்துவிட்ட நாலாவது ஆள் எழுந்திருக்கிறார், கண்ணைத் திறக்கிறார், இமைக்கிறார், பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்கிறார். அவன் கோலத்தைப் பார்த்ததும் கேமரா, டைரக்டர், வேற்று நாடு எல்லாம் மறந்து போய்விட்டது அவருக்கு. நிஜமாகவே சிரித்துவிட்டார். சிரிக்கும்போது இடது கண் மட்டும் மூடிக்கொண்டது. புறங்கையால் கன்னத்தைத் துடைத்தார். கரி விலகி அவருடைய சொந்த நிறம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அவ்வளவுதான். கார் கிளம்பிவிட்டது.

நான் படத்தை நிறுத்தினேன். பிறகு அந்த அம்மா பேசியது கேட்டது. எங்களிடம் பேசவில்லை.

"எந்திரிச்சிட்டீகளே. வெடிச்ச பெறகும் எந்திரிச்சிட்டீகளே."

சார் என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. சார் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, நன்றாகவே அழுதேன். ஊரைச் சிரிக்க வைக்க அந்த மனிதருக்குக் கரி பூசினார்கள். ஊர் அழக் கூடாது என்று நாங்கள் அவரை மறைத்தோம். இரண்டு தரப்பும் அவர் யார் என்று கேட்கவே இல்லை.

"ஐயா, இன்னொருக்கப் போடுதீகளா?" என்று கீழே இருந்து குரல் வந்தது.

மூன்று தடவை போட்டேன். கடைசித் தடவை புகை விலகும்போது அந்த அம்மா முன்னால் சாய்ந்து, "இப்பச் சிரிப்பாக பாருங்க" என்று யாருக்கோ சொன்னார்.

வெளியே வந்தபோது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "சிரிச்சா எடக்கண்ணு மட்டும் மூடும். அத எப்படி மறந்தேன்னு தெரியல" என்றார். முகம் தெளிந்திருந்தது.

சார் அவருக்கு முன்னால் கைகட்டிக்கொண்டு நின்றார். அவர் யாருக்கும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "ஒங்களக் கேக்காம மறச்சிட்டோம் தாயி. தப்புத்தான். இன்னைக்கு மேட்னிக்கு என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. எடுக்கச் சொன்னா எடுத்துருதோம்."

சீனியம்மாள் ஒயர்கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"வச்சிருங்க" என்றார். "எங்க தெருப் புள்ளைக ரெண்டு பேரு வாராக. நான்தான் வீட்டுக்குள்ளயே கெடக்காதீகன்னு இழுத்துட்டு வாரேன். அவுக ஆலையில பறிகொடுத்து இன்னும் ஆறு மாசங்கூட ஆவல. எனக்கே பாக்கப் பதினெட்டு வருசம் ஆயிருக்கு."

மேட்னிக்கு அவர் சொன்னபடியே வந்தார். இரண்டு பக்கமும் இரண்டு இளம் பெண்கள், நடுவில் அவர். கேபின் ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் நிறைந்திருந்தது, முறுக்குச் சத்தம், அழுகிற பிள்ளைகள், இருட்டில் அங்கங்கே மினுங்குகிற கைகள். பதினோராவது ரீல் வந்தது. என் தலைக்கு மேலே மணி மூன்று தரம் அடித்தது.

"பெட்டியைத் திறங்கடா!"

கையை வைத்தேன். இந்தத் தடவை அது தானாகப் போகவில்லை, நான்தான் வைத்தேன். சவுண்டைக் குறைத்தேன். தியேட்டர் முழுக்க இருட்டு. வெடி தூரத்தில் கேட்டு அடங்கியது. முன் பெஞ்சில் எவனோ "கை வந்துருச்சுலே" என்றான். என் உள்ளங்கையில் நிழல் ஓடியது. புகை விலகுகிற நேரம் இது, கண்ணைத் திறக்கிற நேரம் இது, பக்கத்தில் திரும்புகிற நேரம் இது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, அந்த இரண்டு பெண்களுக்கு நடுவிலிருந்து, அந்த இருட்டுக்குள்ளிருந்து, ஒரே ஒருவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. சின்னப் பெண் சிரிப்பதுபோல, வாய்விட்டு, நிறுத்த முடியாமல்.

கார் கிளம்பிவிட்டது. அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.